நாற்பதில் பதினொன்று

சென்னை
12.1.1976

அன்புள்ள வடிவுக்கு,

நான் இங்கே சுகம். நீ சுகம் என்று அம்மா ஆள் வைத்து எழுதிய கடிதத்தில் தெரிந்துகொண்டேன். மாமாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

மூன்று வருஷமாக எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன், சுற்றி வளைக்கவில்லை. என் ஆராய்ச்சி ரத்தத்தின் சிவப்பணுவைப் பற்றியது. அணு எட்டு மைக்ரான் அகலம். உடம்பில் அதைவிடக் குறுகலான குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் அது எப்படி நசுங்கி, மடங்கி, மறுபக்கம் போய்ச் சேருகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டிப் பார்க்கிறேன். அணுவை ஒரு பை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பையின் ஓரத்தை அறுபத்து நான்கு புள்ளிகளாகப் பிரித்திருக்கிறேன். ஓட்டம் ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு தள்ளும், பக்கத்துப் புள்ளி எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து மெஷின் அதை ஒரு துளி நகர்த்தும். ஆயிரக்கணக்கான தடவை அப்படி நகர்த்தினால் பை குழாயைக் கடந்துவிடும். கணக்கை மெஷினுக்குள் செலுத்த ஒரு பெட்டி நிறையத் துளையிட்ட அட்டைகள் வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு தடவைதான் எனக்கு மெஷினில் முறை வரும்.

எங்கள் பேராசிரியர் அனந்தபத்மநாபன், நிஜ ரத்தத்தில் அளந்து காட்டாமல் இதை யாரும் நம்பமாட்டார்கள் என்கிறார். இங்குள்ள லேப்களில் கெஞ்சிப் பார்த்தேன், ஆள் இல்லை என்றுவிட்டார்கள். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் நல்ல மைக்ராஸ்கோப் இருக்கிறது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி மூன்று மைக்ரானுக்கு இழுத்து, அதில் நாற்பது அணுக்களை ஒவ்வொன்றாக விட்டு, கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்து அனுப்பு. உறவு என்ற உரிமையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
செல்லப்பாண்டி


தூத்துக்குடி
3.2.1976

திரு. செல்லப்பாண்டி அவர்களுக்கு,

வணக்கம். அப்பாவின் மூட்டுவலி போன வருஷம் வந்து போன வருஷமே குணமாகிவிட்டது. நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். எந்தச் செல்லப்பாண்டி என்று கேட்டார்.

உறவு என்ற உரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குத் தாம்பூலம் மாற்றிய பதினேழாம் நாள், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவுக்கு எழுதினீர்கள். கவரில் எழுதவில்லை, தபால் கார்டில் எழுதினீர்கள். நம் ஊரில் கார்டு வந்தால் தபால்கார நயினார் அண்ணாச்சி தெருமுனையில் நின்றே வாசித்துவிடுவார் என்று உங்களுக்குத் தெரியாதா? அன்றைக்கும் வாசித்தார். "வடிவு ஆஸ்பத்திரியில் கண்டவர்கள் விரலிலும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள், அது எனக்குச் சரிப்பட்டு வராது" என்ற வரியைத் தெரு முழுக்கக் கேட்டது. இன்றைக்கு அதே ஊசிதான் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. எழுத எப்படிக் கை வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. கடிதத்தைக் கிழித்துப் போட எடுத்தவள், அதனால்தான் கிழிக்காமல் வைத்தேன். நானும் பி.எஸ்சி. கணக்குப் படித்தவள்தான், உங்களுக்கு மறந்திருக்கும்.

செய்து தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கட்டுரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வரவேண்டும். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி. அணுவின் தோல் வளையும், ஆனால் அதிகம் விரியாது. உள்ளே இருப்பதும் வெளியே போகாது. உங்கள் பையை ஆயிரம் தடவை நகர்த்தும்போது உள்ளளவு மாறாமல் இருக்கிறதா? எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

மற்றபடி இங்கே எல்லாரும் சௌகரியம்.

அருணாசலவடிவு


சென்னை
20.2.1976

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகத்துக்குக் குறைவில்லை என்று உன் எழுத்தின் காரத்திலேயே தெரிகிறது.

பழசைக் கிளற எனக்கு நேரமில்லை. கார்டில் எழுதியது பிசகுதான், அன்று கையில் கவர் இல்லை.

கட்டுரையில் பெயர் போடுவது நீ நினைப்பதுபோல் கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் போடுவது இல்லை. யோசித்தவன் பெயர்தான் வரும். அளந்து கொடுத்தவர்களுக்குக் கடைசியில் நன்றி என்று ஒரு வரி உண்டு. அதில் உன் பெயரைக் கண்டிப்பாகப் போடுகிறேன். டெக்னீசியன்கள் பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

கம்ப்யூட்டர் சங்கதியைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அது என் பொறுப்பு. உன் வேலை குழாயும் கடிகாரமும். சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் நமஸ்காரம்.

செல்லப்பாண்டி


தூத்துக்குடி
25.4.1976

திரு. செல்லப்பாண்டி அவர்களுக்கு,

இரண்டு மாதம் நான் பதில் போடாததற்கு எனக்கு உடம்பு சுகமில்லை என்று உங்கள் அம்மாவிடம் நீங்கள் காரணம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கல்லுக் குண்டாக இருக்கிறேன்.

இரண்டு மாதமும் வேலை செய்தேன். ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடியை இழுத்தால் பத்தில் எட்டு உடையும். மீதி இரண்டில் ஒன்று கோணலாகும். கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து விளக்கை ஆட்டுகிறது என்று, ஜன்னலைச் சாத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்து இழுத்தேன். நோயாளிகளின் ரத்தத்தை இதற்கெல்லாம் எடுக்கக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதற்கு வேறு வழி பார்த்துக்கொண்டேன்.

நாற்பது அளவுகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இருபத்தொன்பது கடந்தன, நேரம் குறித்திருக்கிறது. பதினொன்று பாதியில் சிக்கி நின்றுவிட்டன. எத்தனையாவது, எந்தக் குழாயில், எவ்வளவு தூரத்தில் நின்றது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

நன்றி வரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெயர் வேண்டும். அப்பா கேட்கும்போது காட்டுவதற்காகவும் இல்லை, உங்கள் முகத்தில் அடிப்பதற்காகவும் இல்லை. வேலையைச் செய்தவள் நான், அதனால் வேண்டும். பெயர் போடமாட்டீர்கள் என்றால் தாள்களைத் திருப்பி அனுப்புங்கள்.

உள்ளளவு பற்றிக் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்கிறேன்.

அருணாசலவடிவு


சென்னை
14.5.1976

வடிவுக்கு,

நலம். நலமாயிரு.

நீ அனுப்பியதில் இருபத்தொன்பது அருமை. என் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பதினொன்று சிக்கின என்று எழுதியிருக்கிறாயே, அது நடக்கவே நடக்காது. என் பை எத்தனை தடவை ஓட்டினாலும் சிக்குவதே இல்லை. ஒவ்வொரு தடவையும் வழுக்கிக்கொண்டு போகிறது.

உன் பக்கத்தில்தான் எங்கோ கோளாறு. குழாயைச் சரியாகக் கழுவினாயா? ரத்தத்தைக் கலந்த உப்புத் தண்ணீருக்கு எந்த உப்பைப் போட்டாய்? தூத்துக்குடியில் இருக்கிறோம், உப்புக்கா பஞ்சம் என்று வேம்பார் உப்பளத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக் கரைத்துவிட்டாயோ என்று என்னுடன் படிப்பவன் சிரிக்கிறான். எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது. அந்தப் பதினொன்றையும் மறுபடி செய்து, சரியாக அனுப்பு.

பெயர் விஷயத்தை மறுபடி எடுக்காதே. இந்த நிலைமையில் பெயர் கேட்க உனக்கே கூச்சமாக இருக்க வேண்டாமா?

செல்லப்பாண்டி


தூத்துக்குடி
2.6.1976

திரு. செல்லப்பாண்டி அவர்களுக்கு,

உங்கள் நண்பர் நன்றாகச் சிரித்து, நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பார் என்று நம்புகிறேன்.

உப்பு, ஆஸ்பத்திரி ஸ்டோரில் சீல் வைத்த பாட்டிலில் வந்த உப்பு. தராசில் நிறுத்துப் போட்டேன். அதில் சந்தேகம் இருந்தால் இங்கே வந்து நக்கிப் பாருங்கள்.

குழாயைப் பற்றிக் கேட்டீர்கள். ஓர் அணு சிக்கியதும் அதைப் பின்பக்கமாக ஊதி வெளியே தள்ளிவிட்டு, அதே குழாயில் அடுத்த அணுவை விட்டேன். பதினொரு குழாயிலும் அடுத்தது கடந்துபோனது. குழாய் அழுக்காக இருந்தால் அதுவும் அல்லவா நின்றிருக்கும்? குழாயில் குறையில்லை. எல்லா அணுவும் ஒரே அளவு இல்லை. பெரியதாக, உள்ளே நிறைய இருப்பது மடங்க இடமில்லாமல் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

யாருடைய ரத்தம் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நாற்பதும் என் ரத்தம். தினமும் வேலை முடிந்து ஒரு விரலில் குத்திக்கொண்டேன். லேப் கூட்டும் கிருபாபாய் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னளா இது, விரலெல்லாம் சல்லடையா இருக்கு? எந்தப் பயலுக்காக இப்படிக் குத்திக்கிடுத?" என்று கேட்டாள். ஒரு பயலுக்காகவும் இல்லை என்றேன். அது நிஜம்தான். குழாயில் முதல் அணு நுழைந்து குடைபோல் வளைந்ததைப் பார்த்தபோது எனக்கு உங்கள் ஞாபகமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் நீங்கள் உப்பளத்தில் கொண்டுபோய்ப் போட்டீர்கள்.

இனி ஓர் அளவும் செய்யமாட்டேன். உங்கள் பை எப்படிப் போகிறது என்ற படங்களை அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசலாம்.

அருணாசலவடிவு


சென்னை
10.9.1976

அன்பு வடிவுக்கு,

நீ சௌக்கியமா? வேலை அதிகமோ? விரல்களில் புண் ஆறிவிட்டதா? மழைக்காலம் வரப்போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். மூன்று மாதம் எழுதாததற்கு மன்னித்துவிடு. மெஷின் பழுது, பிறகு பரீட்சை மேற்பார்வை என்று ஒன்று மாற்றி ஒன்று.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் நியாயம். கட்டுரையில் உன் பெயரைச் சேர்த்துவிட்டேன். அருணாசலவடிவு என்று முழுசாக, என் பெயருக்குப் பக்கத்திலேயே. அளவுகள் யாருடைய பொறுப்பு என்று பேராசிரியரும் கேட்டார், உன் பொறுப்பு என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் சரிபார்க்க அச்சுப் பிரதி அனுப்பியிருக்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்ட படங்களும் அதிலேயே இருக்கின்றன. நீ உட்கார்ந்து முழுக்கப் படித்துச் சிரமப்பட வேண்டாம். கடைசித் தாளில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்பினால் போதும்.

அத்தை, மாமா எல்லாரையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்லப்பாண்டி


தூத்துக்குடி
21.9.1976

திரு. செல்லப்பாண்டி அவர்களுக்கு,

புண் ஆறிவிட்டது. ஒரே கடிதத்தில் என் சுகத்தை நான்கு இடத்தில் விசாரித்திருந்தீர்கள். அதனால்தான் சிரமப்பட்டு முழுக்கப் படித்தேன்.

கவரைப் பிரித்ததும் என் பெயரைத்தான் முதலில் பார்த்தேன், மறைப்பானேன்? கிருபாபாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த பக்கத்தில், அளந்தவை இருபத்தொன்பது என்று போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில், கண்ணாடிக் குறைபாட்டால் சில அளவுகள் நீக்கப்பட்டன என்று ஒரு வரி. அளவுகள் என் பொறுப்பு என்றும் இருக்கிறது. ஆக, என் குழாய் குறை என்று நானே சொல்வதுபோல் எழுதி, என் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

படங்களையும் பார்த்தேன். உங்கள் பை குழாய்க்குள் நுழைவதிலிருந்து வெளியே வருவது வரை எட்டுப் படம். கடைசியில் இருப்பது எனக்கு இளைத்த மாதிரித் தெரிந்தது. கண்ணை நம்பவில்லை. எட்டு உருவத்தையும் கார்பன் வைத்து ஒரே கெட்டித் தாளில் வரைந்து, வெட்டி எடுத்து, லேபில் இருக்கும் கெமிக்கல் பேலன்ஸில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். உருவம் எப்படி நெளிந்தாலும் பரப்பு அதே அளவாக இருந்தால் எடையும் அதே அளவாக இருக்க வேண்டும். முதல் படம் தொண்ணூற்றெட்டு மில்லிகிராம். அடுத்தது தொண்ணூற்றேழு. பிறகு தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு என்று இறங்கி, கடைசிப் படம் எண்பத்து நான்கு. ஏழில் ஒரு பங்கைக் காணோம்.

உங்கள் பை ஒழுகுகிறது. ஒவ்வொரு தடவை புள்ளியை நகர்த்தும்போதும் ஒரு துளி போகிறது. ஆயிரம் தடவையில் அது சப்பிப்போய், எந்தச் சந்திலும் நுழைந்துவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. நான் இதைத்தான் பிப்ரவரியில் கேட்டேன்.

கையெழுத்துப் போடமாட்டேன்.

அருணாசலவடிவு


சென்னை
4.10.1976

வடிவுக்கு,

கணக்கைக் கத்தரிக்கோலால் வெட்டித் தராசில் நிறுக்கும் புத்திசாலியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இது மீன் ஏலம் இல்லை. தாள் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்குமா? கையால் வரைந்ததில் கோடு தடிக்காதா? இதை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினைக் குறை சொல்ல வந்துவிட்டாய்.

உனக்கு என் மேல் இருப்பது வேறு கோபம். கல்யாணம் நின்றதற்கு இப்படிப் பழி வாங்குகிறாய் என்று பச்சையாகத் தெரிகிறது. பெயர் பெயர் என்று உயிரை வாங்கினாய், போட்டேன். இப்போது அதையும் மூஞ்சியில் எறிகிறாய்.

ஒன்று நினைவில் வை. ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பிலும் தராசிலும் இரண்டு மாதம் சொந்த வேலை பார்த்திருக்கிறாய். உங்கள் பெரிய டாக்டருக்கு நான் ஒரு வரி எழுதினால் உன் வேலை என்னாகும் என்று யோசித்துக்கொள். கையெழுத்தை அனுப்பு.

செல்லப்பாண்டி


தூத்துக்குடி
9.10.1976

செல்லப்பாண்டிக்கு,

அதே தாளில் ஒரே அளவாகப் பத்துச் சதுரம் வெட்டி நிறுத்தேன். ஒன்றுக்கொன்று அரை மில்லிகிராம்கூட வித்தியாசம் இல்லை. படங்களை மறுபடி இரண்டு தடவை வரைந்து வெட்டினேன். அதே ஏழில் ஒரு பங்கு.

பெரிய டாக்டருக்கு நீங்கள் எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தை அவரிடம் நானே காட்டிவிட்டேன். திட்டினார். பிறகு தராசுத் தட்டைத் துடைத்து வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன்.

மாதக் கடைசிவரை பொறுக்கிறேன். அதற்குள் நீங்களே பேராசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

அருணாசலவடிவு


சென்னை
24.10.1976

அன்பு வடிவு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

நீ சொல்வது சரிதான். பை ஒழுகுகிறது. எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். உன் ஜூன் கடிதத்துக்கு அப்புறம் மனசு கேட்காமல், ஒவ்வொரு படியிலும் உள்ளளவை அச்சடிக்கச் சொல்லிப் பார்த்தேன். தாளில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. திருத்தி மறுபடி ஓட்டினேன். சின்னப் பை கடந்தது. பெரிய பை குழாயின் பாதியில் நின்றது. நீ குறித்த இடத்துக்குக் கிட்டத்தில்தான் நின்றது.

அதற்குள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வேட்டையும் கட்டி முடித்துக் கொடுத்தாயிற்று. ஜனவரியில் வாய்மொழித் தேர்வு. ஐந்து வருஷ உழைப்பு, வடிவு. இப்போது போய்ச் சொன்னால் என் தலை தப்பாது. அளவுக்கு வேறொருவர் பெயர் இருந்தால் யாரும் துருவமாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் உன் பெயரைச் சேர்த்தேன். உன்னிடம் இனி மறைத்துப் பயனில்லை.

ஜனவரிவரை வாயைத் திறக்காதே. அப்புறம் நானே திருத்திப் புதுக் கட்டுரை எழுதுகிறேன், பதினொன்றையும் போட்டு.

இன்னொன்று. கார்டு எழுதிய அன்று எனக்குப் புத்தி இல்லை. நின்றுபோனதை மறுபடி நடத்தலாம் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். தை மாதமே வைத்துக்கொள்ளலாம். அம்மா உன்னைப் பார்க்க வருவாள். நம் இரண்டு பேர் பெயரும் ஏற்கெனவே ஒன்றாகத்தானே அச்சாகியிருக்கிறது?

உன் அத்தான்,
செல்லப்பாண்டி


தூத்துக்குடி
8.11.1976

செல்லப்பாண்டிக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். உங்கள் அம்மா சுகமில்லை, அதற்குக் காரணம் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அத்தை ஆதிச்சநல்லூர் விலக்கில் பஸ் ஏறி, நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். பையில் வெற்றிலை, பாக்கு, பிச்சிப்பூ. லேப் வாசலில் நின்றுகொண்டே, "ஏளா, எம்புள்ள எறங்கி வாரான். வீம்பு புடிக்காத. ஒன் மனசுல அவன்தான் இருக்காம்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைக்காக நான் எத்தனை நாள் பஸ் வரும் நேரத்தில் வாசலைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லமாட்டேன், உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அத்தை வரும்வரை யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். நான் கெடு வைத்த மாதக் கடைசியும் தாண்டிப் போயிற்று. பேராசிரியருக்கு எழுதிய கவர் ஒட்டாமல் மேஜையிலேயே கிடந்தது.

என்னை வேண்டாம் என்றது உங்கள் இஷ்டம். அதற்காக உங்களை எவ்வளவோ சபித்தாலும், அதைத் தப்பு என்று கணக்குப் போட்டுக் காட்ட என்னால் முடியாது. ஆனால் நான் கண்ணால் கண்ட பதினொன்றை, இல்லை என்று என் வாயாலேயே சொல்லவைக்கப் பார்த்தீர்கள். அதற்குக் கூலியாக உங்களையே கொடுக்கிறேன் என்கிறீர்கள். என்னை அவ்வளவு மலிவாக எடை போட்டிருக்கிறீர்கள்.

நாளைக்கு நான் உங்கள் வீட்டில் இருந்தால், இருக்கிற நாள் முழுக்க அந்தப் பதினொன்றைப் பற்றி வாய் திறக்காமல் சோறு போட வேண்டும். என்னால் ஆகாது.

அத்தையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பை, குழாய், தராசு எதுவும் அவளுக்கு ஏறவில்லை. கடைசியில், "நீ அந்தக் காயிதத்த அனுப்புனா எம்புள்ளைக்குப் பட்டம் வராது, அம்புட்டுத்தானே?" என்று கேட்டாள். இப்போதைக்கு வராது, மறுபடி உழைத்தால் வரும் என்றேன். பையிலிருந்த பூவை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு, "ஒம்பேரு அச்சுல வந்திருக்குன்னு ஒங்கப்பன் சொல்லுதான். எங்கன இருக்கு, காட்டு" என்றாள். அச்சுப் பிரதியை எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து. அவளுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நான் காட்டிய இடத்தில் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவினாள். "இம்புட்டு நீளமா இருக்கு" என்றாள்.

அவள் விரலை எடுத்ததும் பேனாவை எடுத்து அந்தப் பெயரின் மேல் கோடு போட்டேன். அடுத்து இருந்த உங்கள் பெயரைத் தொடவில்லை. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் நான் எடுத்து வைத்திருந்த நாற்பது அளவுகளின் நகலையும் வெட்டிய எட்டு உருவங்களையும் அவள் கண் முன்னாலேயே கவரில் வைத்து ஒட்டினேன். அத்தை பூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துபோனாள். என் தெருவில் இனி அவள் கால் வைக்கமாட்டாள். சின்ன வயசில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்.

கவர் அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது. இது உங்கள் கைக்கு வருமுன் பேராசிரியர் அதைப் பிரித்திருப்பார். என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அருணாசலவடிவு